துத்தம் ஏறாத பல்

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் ஞானபாக்கியத்தின் கூட்டத்துப் பெண்களை, வாயைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம் என்று கம்பம் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் கேலி பேசுவார். பதினொரு பேரில் ஏழு பேருக்கு வலது கடைவாயில் பல் கிடையாது. வாய்விட்டுச் சிரித்தால் அந்தப் பக்கம் இருட்டாகத் தெரியும். ஏழு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடுங்க வைத்தவள் ஞானபாக்கியம். புண்ணியக் காரியம் என்று நினைத்துத்தான் செய்தாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. பதினைந்து வயதிலிருந்து கொடி கட்டுகிறாள். பழைய கிளைகளை வெட்டும் கவாத்து முடிந்து தளிர் நீண்டதும், ஒவ்வொரு கொடியையும் பந்தல் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பந்தலோ தலைக்கு மேலே. ஒரு கை கொடியைப் பிடிக்கும், இன்னொரு கை நாரைச் சுற்றும். நார்க்கட்டைப் பிடிக்க ஆண்டவர் மூன்றாவது கை கொடுக்கவில்லை. அதனால் நனைத்த வாழைநாரை ஒரு பிடி அள்ளி வலது கடைவாயில் கவ்விக்கொள்வார்கள். ஒவ்வொன்றாக உருவிக் கட்டி, மிச்சத்தைப் பல்லாலேயே அறுத்துத் துப்புவார்கள். காலை ஏழு மணிக்குக் கவ்விய வாய், மதியம் இரண்டு மணிக்குத்தான் இளகும். அண்ணாந்த கழுத்தும் இறுகிய தாடையுமாக முப்பத்தெட்டு வருஷம்.

கொடிக்கு நோய் வராதிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். இலையெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கும். கொடியைத் தொட்ட கை நாரைத் தொடும், நார் வாய்க்குப் போகும். ஆகவே தாடையில் வலி வந்தால், துத்தம் பல்லில் ஏறிவிட்டது. ஏறிய பல்லை விட்டுவைத்தால் எலும்பைத் தின்றுவிடும். இதை முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. சட்டமாக்கியவள் ஞானபாக்கியம். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

பிடுங்குவதற்குக் கம்பத்தில் கர்ணன் இருந்தார். உரக்கடை மாடியில் ஒரு நாற்காலி, ஒரு டார்ச் லைட், ஒரு குறடு. அப்பா பல் செட் கட்டிக்கொண்டிருந்தவர். அந்த உரிமையில் மகனும் டாக்டராகிவிட்டார். கர்ணன் என்று பேர்தானே தவிர, இவர் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. எடுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். எடுத்த பல்லை மட்டும் செய்தித்தாள் துண்டில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பஸ் ஸ்டாண்டில் ஞானபாக்கியம் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, பல்லோரத்துக் கறையை நகத்தால் சுரண்டிக் காட்டுவாள்.

"பாத்தியாத்தா, பச்சை? துத்தம். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா தாடையையே அறுத்திருப்பாக."

வருஷக்கணக்கில் வெற்றிலை போட்ட வாயில் எந்தப் பல்லைப் பிடுங்கினாலும் பச்சையும் கறுப்புமாகத்தான் இருக்கும். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் மருமகள் ரீட்டாவுக்கு வலி வந்தது. ஜெயமங்கலத்துப் பெண். பிளஸ் டூ படித்தவள். ஞானபாக்கியத்தின் மகன் ஆண்டனி ராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் திராட்சைப் பந்தலையே கிட்டத்தில் பார்த்தாள். ஆனாலும் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எல்லோரையும்விட வேகமாகக் கட்டினாள், எல்லோரையும்விட இறுக்கமாகக் கவ்வினாள். ஒரு நாள் மதியம், சோற்றுத்தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தே, பல்லு வலிக்கல. காதுக்கு முன்னாடி வலிக்குது. வாயத் தொறந்தா டொக்குன்னு சத்தம் கேக்குது."

"காதுக்கு முன்னாடி என்னடி இருக்கு, வலிக்கிறதுக்கு? வேலைக்கு மடிக்கிறவளுக்குத்தான் மூட்டு வலிக்கும், காது வலிக்கும். துத்தம் ஏறிருச்சுடி. சனிக்கிழமை கெளம்பு."

கூட்டத்துப் பெண்கள் சிரித்தார்கள். ரீட்டா தூக்கை மூடினாள்.

சனிக்கிழமை கர்ணன் தன் குறடால் பல்லைத் தட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை என்றாள் ரீட்டா. "வலிக்கலேன்னா வேர் செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர். வலிக்கிறது என்று சொல்லியிருந்தாலும் பிடுங்கத்தான் போகிறார், அது வேறு கதை. ரீட்டா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். ஞானபாக்கியம் பின்னால் நின்று அவள் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உறுதியான பல். கர்ணன் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் ரீட்டா வாயில் பஞ்சோடு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். ஞானபாக்கியம் வழக்கம்போலப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிரித்த கை அப்படியே நின்றது. வெற்றிலையே போடாத, இருபத்தாறு வயதுப் பெண்ணின் பல். வேரில் கொஞ்சம் ரத்தம் ஒட்டியிருந்ததே தவிர, மற்றபடி பால் மாதிரி வெள்ளை. திருப்பினாள், நகத்தால் சுரண்டினாள். சுரண்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. இந்தப் பல்லில் துத்தம் ஏறவில்லை என்றால், இதற்கு முன் பிடுங்க வைத்த ஆறு பேர் பல்லில் மட்டும் ஏறியிருந்ததா? அந்தக் கேள்வி வந்தது. வந்த வேகத்தில் அவள் தாளை மடித்துப் பக்கத்துச் சாக்கடையில் போட்டாள். பெஞ்சுக்குப் போய் மருமகள் முதுகைத் தடவினாள்.

"கரும்பச்சையா இருந்துச்சுடி. தப்பிச்ச. பத்து நாள்ல சரியாப்போகும்."

பத்து நாளில் சரியாகவில்லை. மூன்று மாதம் கழித்து, "இப்பத் தேவலையா?" என்று கேட்டதற்கு ரீட்டா "ம்" என்றாள். ஞானபாக்கியத்துக்கு அது போதுமாக இருந்தது. மருமகள் குணமாகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

சென்ற வருஷம் அவளுக்கே வலி வந்தது. காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கும். இட்லியை விண்டு விண்டுதான் உள்ளே தள்ள முடியும். கொட்டாவி விட்டால் காதுக்குள் டொக் என்று தெறிக்கும். அந்தச் சத்தம் கேட்ட முதல் நாளே ரீட்டா சொன்னது ஞாபகம் வந்தது. வந்ததும் அதைத் துரத்தினாள். தனியாகவே கர்ணனிடம் போனாள். ஒன்று பிடுங்கினார். வலி நிற்கவில்லை என்று அடுத்ததையும் பிடுங்கினார். பொங்கல் கழிந்து மூன்றாவதையும் பிடுங்கினார். மூன்றும் நல்ல கறுப்பாக இருந்ததில் ஞானபாக்கியத்துக்கு ஒரு திருப்தி. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாதா கோயிலில் சாயங்காலச் சிலுவைப் பாதை ஜெபம். யேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு ஸ்தலத்துக்கும் முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பது ஞானபாக்கியம்தான். ஒன்பதாவது ஸ்தலத்தில், விடிந்ததிலிருந்து பந்தலுக்குக் கீழே நின்ற அசதியில், பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. திறந்த வாய் மூடவில்லை. கையால் தள்ளினாள், மூடவில்லை. பாட்டு வராததால் ஜனம் திரும்பிப் பார்த்தது. எச்சில் வழிய, கண் பிதுங்க, 'ஆ' என்று நின்றுகொண்டிருந்தாள். "மாதாவே, பேயில்ல புடிச்சிருக்கு" என்று ஒருத்தி அலறினாள். சாமியார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

ஆண்டனி ராஜ் தன் பிக்கப் வண்டியில் போட்டு நேரே தேனிக்கு விரட்டினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் வழி. நடுவில் ஞானபாக்கியம், அந்தப் பக்கம் ரீட்டா. ரீட்டா துண்டால் மாமியார் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சின்னமனூர் தாண்டும்போது துண்டைப் பிழிந்து மறுபடி துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பல் பிரிவு டூட்டி டாக்டர் சுபாஸ்ரீ, போடிக்காரப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. "பயப்படாதீங்கம்மா, தாடை எலும்பு அதோட கிண்ணத்தவிட்டு வெளிய வந்திருச்சு. உள்ள தள்ளிரலாம்" என்றாள். இரண்டு கட்டைவிரலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஊன்றி அழுத்துவதற்காக வாய்க்குள் விட்டாள். ஒரு விரல் பல்லில் ஊன்றியது. மற்ற விரல் வலது கடைவாயில் தேடித் தேடிப் பார்த்து, வெறும் ஈறில் போய் நின்றது.

"எங்கம்மா பல்லெல்லாம்? வெரல் வைக்கவே எடமில்லையே."

ஈறில் ஊன்றியே கீழே அழுத்திப் பின்னால் தள்ளினாள். மடக் என்று சத்தம். வாய் மூடிக்கொண்டது. ஞானபாக்கியத்தின் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை. நாடியையும் உச்சந்தலையையும் சேர்த்துத் துணிக்கட்டுப் போட்டு, பத்து நாளைக்கு வாயைப் பெரிதாகத் திறக்கவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையை முட்டுக் கொடுக்க வேண்டும். ஐந்து நாளைக்கு மாத்திரை. குழைந்த சாப்பாடு. காலையும் மாலையும் வெந்நீரில் முக்கிய துணியால் ஒற்றடம்.

"வேலை என்ன செய்யுறாக?" என்று ஆண்டனி ராஜிடம் கேட்டாள். அவன் நாரைக் கவ்வுவதைச் செய்து காட்டினான். டாக்டர் ஞானபாக்கியத்தின் விரலைப் பிடித்துக் காது மடலுக்கு முன்னால் வைத்தாள்.

"இங்கன தான், காதுக்கு முன்னாடி. வலி இங்கதான? இது மூட்டும்மா. கதவுக்குக் கீல் மாதிரி. நடுவுல சின்னதா ஒரு மெத்தை இருக்கு. நாள் பூரா இறுக்கிக் கடிச்சா தசை இறுகிப்போகும், மெத்தை நழுவிரும். வாயத் தொறந்தா டொக்குன்னு சத்தம் வரும்."

காதுக்கு முன்னாடி. டொக்குன்னு சத்தம். ஞானபாக்கியம் தரையைப் பார்த்தாள். ரீட்டா துணிப்பையை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றிருந்தாள்.

"துத்தம் ஏறிருச்சுன்னுதான் டாக்டர் பல்லப் புடுங்குனோம்" என்றான் ஆண்டனி ராஜ்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினாள். "துத்தம் வயித்துக்குப் போனாக் கெடுதல், கையக் கழுவிட்டுத்தான் சாப்பிடணும். ஆனா அது பல்லு வழியா மூட்டுக்கெல்லாம் வராதுங்க. எடுத்த பல்லு எப்படி இருந்துச்சுன்னு இப்ப நான் சொல்ல முடியாது. வலி அதுல இருந்து வரல. அது மட்டும் நிச்சயம். பல்லு இல்லாமப் போய் ஒரு பக்கமாவே மெல்லுறாக, அதுவும் மூட்டுக்குச் சுமைதான்."

பிறகு ஞானபாக்கியத்திடம் சொன்னாள். "இதுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் எதுவும் தேவைப்படாது. நாரக் கவ்வுறத நிறுத்தணும். உதடு மூடியிருக்கலாம், பல்லும் பல்லும் ஒட்டக் கூடாது. ராத்திரி கடிக்காம இருக்க அளவெடுத்து ஒரு தகடு செஞ்சு தாரேன், ரெண்டு வாரம் கழிச்சு வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க. உங்க தோட்டத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?"

ஞானபாக்கியத்துக்குக் கட்டுப் போட்டிருந்தது. பேசக் கூடாது. ஆனால் விரலை நீட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. மூன்றடி தூரத்தில் மருமகள் நின்றாள். ஞானபாக்கியம் இல்லை என்று தலையை ஆட்டினாள். ரீட்டா பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவர்களெல்லாம், "என்னத்தா, செத்தவுகளுக்கு நாடியச் சேத்துக் கட்டுன மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். ரீட்டா கஞ்சியைக் குழைய வைத்துக் கொடுத்தாள், வேளை தவறாமல் ஒற்றடம் கொடுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சும்மா கிடந்த ஞானபாக்கியம் அப்போதுதான் மருமகள் சாப்பிடுவதைப் பார்த்தாள். சோற்றைச் சின்னச் சின்னதாக உருட்டி, வாயைப் பாதி திறந்து, இடது பக்கமாகவே மென்றாள். நடுவில் நிறுத்தி, காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்திவிட்டு மறுபடி மென்றாள். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இப்படித்தான் சாப்பிட்டிருக்கிறாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஞானபாக்கியத்துக்குத் தனக்கு வந்த பிறகும் ஒரு வருஷம் ஆனது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் பல் வெள்ளையாக இருந்தது, நான் பொய் சொன்னேன். இந்தப் பக்கம் கஞ்சித் தட்டு வரும்போதெல்லாம் அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. கட்டு இருக்கிறதே என்று விழுங்கினாள். கட்டை அவிழ்த்த பிறகும் விழுங்கினாள்.

பதினோராம் நாள் தோட்டத்துக்குப் போனாள். நார்க்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, சின்னக் கத்தி ஒன்றால் அறுத்துக் கட்டினாள். வேலை பாதிக்குப் பாதி ஓடவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர் வரப்பில் நின்று முகத்தைச் சுளித்தார். மதியம் எஸ்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூட்டத்திலேயே இளையவள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, எனக்கும் ஏறிருச்சு. சனிக்கிழமை கர்ணன்ட்ட வாரீகளா?"

"வேணாந்தா. அது பல்லு இல்ல, மூட்டு. துத்தமெல்லாம் சும்மா. தேனில டாக்டரம்மா சொன்னாக. எங்கூட செவ்வாக்கெழம வா."

எஸ்தர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஒங்களுக்கு மூட்டா இருக்கும். வேலைக்கு மடிக்கிறவளுக்குத்தான் மூட்டு வலிக்கும், காது வலிக்கும்னு நீங்கதான சொன்னீக? இங்கன வச்சுத்தான் சொன்னீக, ரீட்டாக்காவ."

பெண்கள் சிரித்தார்கள். அன்று சிரித்த அதே பெண்கள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது சரிதான். முப்பத்தெட்டு வருஷம் அவள் சொன்ன பொய்யையெல்லாம் நம்பியவர்கள், முதன்முதலாக ஒரு உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. திங்கட்கிழமை எஸ்தர் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். "பாருங்க பெரியம்மா, பச்சை." எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். ஞானபாக்கியம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை தகடு வாங்கக் கிளம்பினாள். வாசலில் ரீட்டா ஏற்கெனவே சேலை மாற்றி நின்றிருந்தாள்.

"நானும் வாரேன். நானும் அந்த டாக்டரம்மாவப் பாக்கணும்."

பஸ்ஸில் இடம் இருந்தும் ரீட்டா முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

டாக்டர் சுபாஸ்ரீ ஞானபாக்கியத்துக்குத் தகட்டைப் பொருத்திப் பார்த்துவிட்டு, ரீட்டாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். காதுக்கு முன்னால் விரல் வைத்துத் திறந்து மூடச் சொன்னாள். இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டாள். இரண்டு வருஷம் என்றாள் ரீட்டா. டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தாள்.

"மத்தப் பல்லெல்லாம் இவ்வளவு நல்லா இருக்கு. இந்த ஒண்ண மட்டும் ஏன் எடுத்தீங்க?"

ரீட்டா டாக்டரைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள்.

"கரும்பச்சையா இருந்துச்சாம்" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். பல் சாக்கடையோடு போய் இரண்டு வருஷமாகிறது. சாட்சி யாரும் இல்லை. டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஞானபாக்கியத்தின் தொண்டையிலிருந்து சத்தம் தானாக வந்தது.

"இல்ல டாக்டர். வெள்ளையா இருந்துச்சு. நாந்தான் பிரிச்சுப் பாத்தேன். ஒரு பொட்டுக் கறை இல்ல. சாக்கடையில போட்டுட்டு இவகிட்டப் பச்சைன்னு சொன்னேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். ரீட்டா அழவில்லை, அதிரவும் இல்லை.

"எம் பல்ல நாந்தான அத்தே தெனமும் வெளக்குனேன். அது என்ன நெறம்னு எனக்குத் தெரியாதா? நீங்க என்னைக்குச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இப்பச் சொல்லிட்டேன்ல தாயி" என்றாள் ஞானபாக்கியம்.

"ஒங்களுக்கு வலிச்ச பெறகு சொன்னீக" என்றாள் ரீட்டா. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, எனக்கும் அளவெடுங்க என்று வாயைத் திறக்க முடிந்த மட்டும் திறந்தாள்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம். காலையிலும் மாலையிலும் ஒரே சட்டி வெந்நீரில் இரண்டு துணி. ஒரே பானையில் குழைந்த கஞ்சி. ரீட்டாவுக்கு வாய் திறக்கும் அகலம் கொஞ்சம் கூடியிருக்கிறது. இன்னும் ஆறு மாதத்தில் நன்றாகத் திறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். ரீட்டா ஞானபாக்கியத்தின் கூட்டத்தை விட்டுவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகிறாள். மாமியாருக்குக் கஞ்சியை ஊற்றி, உப்புப் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். கஞ்சி குடிக்கும் சத்தம் மட்டும் அந்தப் பக்கமிருந்து கேட்கும்.